காகிதக் கூழில் செய்த வாழ்த்து அட்டைகள்

ஊறவைத்த காகிதத்துக்கு ஒரு நாற்றம் உண்டு. முதல் நாள் அது தெரியாது. மறுநாள் ஈரத்துணி வாடை மாதிரி லேசாக வரும். அதற்கு அடுத்த நாள் வாளி மூடியைத் திறந்தால், மீன் கழுவிய தண்ணீரையும் மாற்றாமல் விட்ட பூச்சாடித் தண்ணீரையும் ஒன்றாகக் கொட்டி வைத்தது மாதிரி முகத்தில் வந்து அடிக்கும். அந்த நாற்றத்தோடுதான் ஒரு மார்கழி முழுக்க நான் குடித்தனம் நடத்தினேன்.

எனக்கு இயல்பிலேயே அருவருப்பு அதிகம். பஸ்ஸில் கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தால், அந்த டிக்கெட்டை நான் நுனிவிரலால்தான் பிடிப்பேன். ஹோட்டல் டம்ளரைக் கழுவச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன். என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்ததும் யூனிபாரத்தை வாசலிலேயே ஒரு தனி பக்கெட்டில் போட வேண்டும். அது கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம், இன்றைக்கும் மாறவில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் இந்த வேலை வந்து சேர்ந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருக்கும் பிளாக்கில் பெண்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தோம். கோலப்போட்டி, நவராத்திரி, வருஷத்துக்கு ஒரு டூர் என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரிய அதிகாரியின் மனைவிதான் அதற்குத் தலைவி. எல்லாரும் அவரை மேடம் என்போம். கார்த்திகை முடியும் சமயம் மேடம் எங்களைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டு, போனில் ஒரு வீடியோ காட்டினார். வீட்டில் சேரும் வீண் காகிதத்தை ஊறவைத்து, அரைத்து, சல்லடையில் அள்ளிக் காயவைத்து, அழகழகான வாழ்த்து அட்டை செய்கிறார்கள். சாமந்தி இதழ் பதித்த அட்டை, பீட்ரூட் சாறு விட்ட அட்டை.

"இந்தப் பொங்கலுக்கு நம்ம டவுன்ஷிப்பைச் சுத்தமா வெச்சிருக்கிற தூய்மைப் பணியாளர்களுக்கு, நம்ம கையால செஞ்ச வாழ்த்து அட்டை. எப்படி இருக்கு ஐடியா?" என்றார் மேடம்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். யார் செய்வது என்ற பேச்சு வந்தபோது, நாங்க பேப்பர் தர்றோம், நாங்களும் பேப்பர் தர்றோம் என்று மூலைக்கு மூலை குரல் வந்தது. கடைசியில் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் எம்ப்ராய்டரி செய்கிறவள். என் மகன் வெளியூரில் படிக்கிறான், அதனால் எனக்கு வேலை இல்லை என்று ஊரில் ஒரு எண்ணம். எங்கள் குவார்ட்டர்ஸில் பின்பக்கம் இடமும் உண்டு.

"நான் இருக்கேம்மா உன்கூட" என்று பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்தவர் எதிர்வீட்டு அக்கா. அவர் பிறந்தது வடலூர். அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, அங்கே பஸ் நிலையத்துப் பக்கம் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவர். அதனாலோ என்னவோ, கீழே கிடக்கும் காகிதத்தை அக்கா காலால் தாண்டிப் போகமாட்டார். குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் போவார். அவர் இல்லாவிட்டால் முதல் பையைத் திறந்த அன்றைக்கே நான் இந்த வேலையை உதறியிருப்பேன்.

பைகள் வந்தன. பெரிய பெரிய துணிக்கடைப் பைகள். வாசலில் வைத்துவிட்டுப் பெல் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பழைய நியூஸ் பேப்பரும் பிள்ளைகளின் கிழித்த நோட்டும் கல்யாணப் பத்திரிகையும் வரும் என்று பார்த்தால், வந்ததெல்லாம் குப்பைத்தொட்டி. பஜ்ஜி பிழிந்த எண்ணெய்க் காகிதம். வஞ்சிரம் சுற்றி வந்த பேப்பர், செதில் ஒட்டியபடியே. தலை சீவி உருட்டிய முடி. வெட்டிப் போட்ட நகம், அதுவும் பொட்டலமாக மடித்து. யாரோ மென்று துப்பிய சூயிங்கம் ஒன்று ஒரு கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் மேலேயே ஒட்டியிருந்தது. குழந்தைக்குத் துடைத்த டிஷ்யூ. எதைத் துடைத்தது என்று நான் பார்க்கவில்லை, வாடை சொன்னது.

அக்கா துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். நான் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு வலதுகையின் இரண்டு விரலை மட்டும் நீட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"யா அல்லா, இவங்க வீட்டுக்குள்ள எல்லாம் எப்படித்தான் இருக்காங்களோ" என்றார் அக்கா.

"வாசல்ல கோலம் மட்டும் எவ்ளோ பெரிசா போடறாங்க பாருங்க" என்றேன் நான்.

நல்ல காகிதமாகப் பொறுக்கி எடுத்து, துண்டு துண்டாகக் கிழித்து வாளியில் ஊறப்போட்டோம். ஊறியதை என் பழைய மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தோம். சாம்பல் நிறத்தில், வழவழவென்று, கை விட்டால் விரலிடுக்கில் உயிருள்ளது போல ஏறி உட்காரும் கூழ். அதை ஒரு பெரிய டப்பில் தண்ணீரில் கரைத்து, கொசுவலை அடித்த பழைய போட்டோ சட்டத்தை உள்ளே விட்டு மெல்லத் தூக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் வலைமேல் மெல்லிய ஆடை மாதிரி காகிதம் படிந்து நிற்கும். அதைப் பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே காயப்போட வேண்டும். வெளியே காயப்போட முடியாது. மார்கழிப் பனியில் காயாது. காய்ந்தாலும் டவுன்ஷிப் காற்றில் வரும் சாம்பல் தூசு அதன்மேல் கறுப்பாகப் புள்ளி வைத்துவிடும்.

எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. தயிர்சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் வாளி ஞாபகம் வரும். நான் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் இட்லித் தட்டைப் பார்த்துவிட்டு, "இந்தச் சட்னி எந்த மிக்ஸியில அரைச்சது?" என்று கேட்டார். புது மிக்ஸி என்றேன். நம்பாமல் பொடி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

"மைன்ஸ்ல நாங்க தின்னுற தூசி இதுக்குத் தேவலாம்" என்று போகிறபோது சொல்லிவிட்டுப் போனார்.

முதல் தாள் காய்ந்து, வேட்டியிலிருந்து ஓரம் கிழியாமல் முழுசாக உரிந்து வந்தபோது மட்டும் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன். நியூஸ் பேப்பரின் கறுப்பெழுத்தில் ஒரு கால், ஒரு கொம்பு அங்கங்கே மிச்சம் இருந்தது. சாமந்தி இதழ் மஞ்சள் மாறாமல் பதிந்திருந்தது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எங்க அத்தா இருந்தா இதைக் கடையில மாட்டி வெச்சிருப்பாரும்மா" என்றார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த பை வரும்வரைதான்.

அந்தப் பையில் நியூஸ் பேப்பரில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. பழைய கடிதக்கட்டோ என்னவோ என்று நினைத்து நான்தான் பிரித்தேன். உபயோகித்த நாப்கின். ரத்தம் காய்ந்து கறுத்து, அதன்மேல் எறும்பு மொய்த்திருந்தது. எறும்பு என் கையில் ஏறியது. நான் கத்தினேனா இல்லையா என்று ஞாபகமில்லை. பின்பக்கத்துக் கொய்யாமரத்தடிக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். வயிறு காலியான பிறகும் குமட்டல் நிற்கவில்லை. அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றி, என் கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டார். பிறகு அவரே ஒரு குச்சியால் அந்தப் பொட்டலத்தை எடுத்துப்போய் அப்புறப்படுத்தினார்.

யார் வீட்டுப் பை என்று தெரியவில்லை. அன்றைக்குப் பல வீட்டுப் பைகள் ஒன்றாக வந்திருந்தன. தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆசையில்லை. அதற்கடுத்து மேடம் பங்களாவில் கூட்டம் நடந்தபோது பொதுவாகச் சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன்.

"பேப்பர் தர்றவங்க கொஞ்சம் பாத்துத் தாங்க. போன வாரம் ஒரு பையில யூஸ் பண்ண நாப்கின் இருந்துச்சு. நான் கையால எடுத்துட்டேன்."

சமோசா கடித்துக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. ஒருவர் "சீ" என்றார். அந்தச் சீ நாப்கினைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து.

"சாப்பிடற நேரத்துல இதையெல்லாமா பேசறது?" என்றார் இன்னொருவர்.

"நம்ம பிளாக்ல அந்த மாதிரி ஆளுங்க யாருமில்லைங்க. குப்பை எடுக்க வர்றவளுங்க யாராவது போட்டிருப்பாளுங்க."

இதைச் சொன்னது டவுன்ஷிப் கேட்டுக்கு எதிரே குடியிருக்கும் பெண்மணி, வெள்ளிக்கிழமை விரதமெல்லாம் விடாமல் இருக்கிறவர். உடனே ஏழெட்டுத் தலைகள் ஆடின. ஆமாம், அப்படித்தான் இருக்கும், அவளுங்கதான். வாசலில் வைத்த பையில் அவர்கள் போட்டிருப்பார்களாம். அவர்களுக்கு வேறு வேலையில்லையாம்.

மேடம் சிரித்தபடி தீர்ப்புச் சொன்னார். "விடுங்கமா. அவங்களுக்கு என்ன ஹைஜீன் தெரியும், பாவம். அதுக்குத்தானே நாம இந்த மாதிரி ஏதாவது பண்றோம்."

அந்த அட்டைகள் அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்குக் கொய்யாமரத்தடியில் வந்த குமட்டல் மறுபடி தொண்டைக்கு வந்தது. அன்றைக்கு எறும்பைப் பார்த்து வந்ததைவிட இது மோசமாக இருந்தது. அதை வாந்தியெடுத்துக் கழித்துவிட்டேன். இதை விழுங்கிக்கொண்டு, சமோசாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"இந்தக் கருமத்தை இன்னையோட நிறுத்திடறேன் அக்கா" என்றேன்.

அக்கா விடவில்லை. "அட்டை என்னம்மா பாவம் பண்ணுச்சு? அந்தப் பொம்பளைங்களுக்குக் குடுக்கிறதாச் சொல்லியாச்சு. மேடத்துக்காகவா செஞ்சோம்? முடிச்சிடுவோம்" என்றார்.

முடித்தோம். பை வாங்குவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு வீட்டுக் காகிதத்தையும் அக்காவின் தம்பி இப்போது நடத்தும் அத்தாவின் கடையிலிருந்து வந்த பழைய நோட்டுகளையும் வைத்துச் செய்தோம். பெரும்பாலான தாள்கள் அந்தக் காகிதத்தில் வந்தவைதான். கஞ்சி போட்டு விறைப்பாக்கி, மடித்து, உள்ளே நீலப் பேனாவால் பொங்கல் நல்வாழ்த்துகள் என்று நான் எழுதினேன். அக்கா கரும்பு படம் வரைந்தார். அவர் வரைந்த கரும்பு மூங்கில் மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

போகிக்கு முன்னால் ஒரு காலையில் விழா. ஷாமியானா போட்டு, முன்வரிசையில் சோபா, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் அந்தப் பெண்கள் காலை வேலை முடிந்து அப்படியே வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அட்டைகளை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கி, அதைப் பிடித்துக்கொண்டு மேடைமேல் நிற்கும்படி என்னிடம் சொன்னார்கள். மேடம் எடுத்துக் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். முதல் பெண்ணுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார். போட்டோ எடுப்பவர், "மேடம், கையைப் பிடிச்ச மாதிரி ஒண்ணு" என்றார். மேடம் அந்தப் பெண்ணின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பிளாஷ் அடித்ததும் விட்டுவிட்டார். அந்தப் பெண் மேடைப்படி இறங்குவதற்குள், விரதக்கார அம்மாள் ஹேண்ட்பேக்கிலிருந்து சானிட்டைசர் எடுத்து மேடம் உள்ளங்கையில் ஊற்றினார். மேடம் தேய்த்துக்கொண்டார். எதையும் மறைக்கவில்லை. மைக் முன்னால், எல்லாரும் பார்க்கும்படி, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி நிதானமாக.

அதற்குப் பிறகு, "ஒவ்வொருத்தரா வந்து தட்டுலேருந்து எடுத்துக்கங்கமா, டைம் ஆகுது" என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அவர்கள் வரிசையாக வந்து, என் முகத்தைப் பார்க்கலாமா கூடாதா என்று தெரியாமல், தாம்பாளத்திலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு பெண் என் கையில் இடித்துவிட்டு, "மன்னிச்சிக்கங்கம்மா" என்றார். இடித்ததற்கு மன்னிப்பு. உடனே விரதக்கார அம்மாள் சானிட்டைசர் பாட்டிலோடு என் பக்கம் சாய்ந்து, "நீங்களும் போட்டுக்கங்க" என்று மெல்லச் சொன்னார்.

நான் மெல்லச் சொல்லவில்லை. தாம்பாளத்தை மேஜைமேல் வைத்தேன். வைத்த சத்தம் மைக்கில் கேட்டது. பிறகு நான் சொன்னதும் கேட்டது.

"எனக்கு வேணாங்க. இவங்களைத் தொட்டு என் கை அழுக்காகலை. நீங்கள்லாம் குடுத்தனுப்பின பேப்பரைத் தொட்டப்போ ஆச்சு. அப்போ யாரும் எனக்கு ஒரு சோப்புகூடத் தரலை."

மேடம் சிரிப்பு மாறாமல் போட்டோகிராபரைப் பார்த்து, வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். அதற்குள் எதிர்வீட்டு அக்கா கீழேயிருந்து மேடையேறி வந்து, மிச்சமிருந்த அட்டைகளில் பாதியை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, மீதியோடு படியிறங்கினார். இரண்டு பேருமாகப் பின்வரிசைக்குப் போய், உட்கார்ந்திருந்தவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். சிலர் எழுந்து வாங்கினார்கள். ஒரு பெண் வேண்டாமென்றார். ஏன் என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலத்துக்குள் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அக்கா அவராகவே வெளியே வந்தார். மேடம் அந்த முதல் பெண்ணின் கையைப் பிடித்திருக்கும் போட்டோவை எல்லா குரூப்பிலும் போட்டு, அதன்கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்திருந்ததை சங்கத்தில் இருக்கும் வேறு ஒருத்தி தன் போனில் காட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கையில் வாளி நாற்றமே பரவாயில்லை என்று இருந்தது.

என் வீட்டுக்காரரை ஆபீசில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல கொஞ்சம் பாத்துப் பேசச் சொல்லுங்க" என்றாராம். அவர் வந்து என்னிடம் கோபப்படவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "சொன்னது சரிதான். புரமோஷன் வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் அவர்மேலும் அதே குமட்டல் எனக்கு இருந்தது. மூன்றாம் நாள் அவரே போய் அந்தக் கூழ் டப்பை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு பேசினேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் எங்கள் தெருவுக்கு வரும் அந்தப் பெண் எங்கள் வீட்டுக் கேட்டருகே குப்பை வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, அந்த அட்டை இன்னும் இருக்குதுங்களா?"

"அன்னைக்குக் குடுத்தது என்ன ஆச்சு?"

"வூட்டுக் கதவுல சொருவி வெச்சிக்கினு இருந்தேங்க. ஆடு தின்னுப்புடுச்சு. கஞ்சி போட்டிருந்தீங்களா?"

நான் ஆமாம் என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகள் எட்டாவது படிக்கிறாள். வீண் பொருளில் ஏதாவது செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள் பள்ளிக்கூடத்தில். "எழுதாத தாளாக் குடுத்தீங்கன்னா அதுவே வரைஞ்சிக்கும். பச்சைக் கலரு வேணுமாம்" என்றார்.

"மேடைல அப்படி ஆனதுல உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டேன்.

"எங்களுக்கென்னாங்க. அவுங்க மருந்து தடவிக்கினா தடவிக்கிட்டும். நாங்களும் வூட்டுக்குப் போனதும் மொத வேலையா சோப்புப் போட்டுத்தான் கை கழுவுறோம்" என்று சொல்லிவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுங்க" என்றார்.

மறுபடி வாளியை எடுக்கமாட்டேன் என்றுதான் இருந்தேன். அக்காவிடம் சொன்னதும் அவர் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு வந்துவிட்டார். பச்சைக்கு அதைவிட வேறு தெரியவில்லை. கீரையைக் கூழோடு சேர்த்து அரைத்து ஒருநாள் வைத்ததில் கிளம்பியது பாருங்கள் ஒரு நாற்றம், முந்தைய வாளியெல்லாம் சந்தனம். மூக்கைத் திருப்பிக்கொண்டே தாளை அள்ளினோம். காய்ந்தபோது பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை, பாசி பிடித்த சுவர் மாதிரி ஒரு நிறம்.

அந்தப் பெண் வந்து ஒரு தாளை எடுத்து மோந்து பார்த்தார். சட்டென்று முகத்தைத் தூரமாக்கிக்கொண்டார்.

"அய்ய! என்னாங்க இது, இந்த நாத்தம் நாறுது!"

"நாறத்தான் செய்யும்" என்றார் அக்கா.

மூன்று பேரும் கேட்டருகே நின்று சிரித்தோம். அவர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் மடங்காமல் பார்த்துப் பிடித்துக்கொண்டு, "ஒரு கவர் குடுங்கம்மா, வண்டியில வெச்சா அழுக்காயிடும்" என்றார்.